எகிப்தின் பழங்கல்லறைகளைக் காப்பதும் திறப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், வெறும் பாறை மலைகளுக்குள் குடையப்பட்ட கல்லறைகளைப் பற்றியது இந்தப் பக்கம். மன்னர்களின் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைகளுக்கு ‘கேவி’ என்றும், அரசிகளின் பள்ளத்தாக்கிலுள்ளவற்றுக்கு ‘கியூவி’ என்றும், அதிகாரிகளின் கல்லறைகளுக்கு ‘டிடி’ என்றும் தொடங்கும் எண்கள் உண்டு. கீழே அந்த எண்களே வருகின்றன.

மூவாயிரம் ஆண்டு தாங்கிய ஓவியம் இப்போது மட்டும் ஏன் கெடுகிறது?

மூடிக் கிடந்தவரை உள்ளே எதுவும் மாறவில்லை என்பதுதான் காரணம். பாறையின் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஈரமும் அப்படித்தான். வாயிலைத் திறந்த நாளிலிருந்து பகலில் ஏறி இரவில் இறங்கும் ஈரம், செருப்போடு வரும் மண், விளக்கின் சூடு, சுவரில் படும் கை எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன.

ஆனால் பழியை முழுக்கப் பயணிகள் மீது போட முடியாது. நெஃபர்தாரி அரசியின் கல்லறையை (கியூவி 66) எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி 1904இல் கண்டுபிடித்தபோது எடுத்த படங்களிலேயே பூச்சு உதிர்ந்த இடங்கள் தெரிகின்றன. பாறையில் உப்பு முன்பே இருந்தது. பூசிய சாந்தில் நீர் இருந்தது. ஆக, கெடுதல் கல்லறையோடே பிறந்தது. திறப்பு அதை வேகப்படுத்துகிறது.

சுவரில் இருப்பது நேராகப் பாறையில் வரைந்த ஓவியமா?

பாறை நன்றாக இருந்தால் அதிலேயே புடைப்புச் சிற்பம் செதுக்கி, மேலே மெல்லிய வெண்பூச்சு பூசி வண்ணம் தீட்டினார்கள். முதலாம் சேத்தியின் கல்லறை (கேவி 17) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாறை உடைந்தும் வெடித்தும் இருந்தால் முதலில் மண்ணும் வைக்கோலும் கலந்த கனமான பூச்சு, அதன்மேல் ஜிப்சம் கலந்த நயமான பூச்சு, அதன்மேல் வண்ணம். நெஃபர்தாரி கல்லறை இந்த வகை. புடைப்பு உருவங்களைக்கூட அங்கே பூச்சில்தான் செய்திருக்கிறார்கள்.

நிறமிகள் பெரும்பாலும் உறுதியானவை. சிவப்பும் மஞ்சளும் காவிமண், கறுப்பு கரி, நீலம் என்பது சுண்ணமும் மணலும் செம்பும் சேர்த்துச் சுட்டெடுத்த செயற்கை நிறமி. பலவீனம் எங்கே என்றால் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பசையில். கருவேல மரப் பிசின் போன்ற, நீரில் கரையும் பொருள் அது. அதனால்தான் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாலே வண்ணம் துணியோடு வந்துவிடும். கல்லறை வேலையில் தண்ணீர் என்றாலே எல்லோரும் பயப்படுவதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் உப்பு.

உப்பு என்ன செய்யும்?

நம் வீட்டுச் சுவரில் உப்பு பூத்துப் பெயின்ட் பொரிந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதே வேலைதான். தீபஸ் (லக்சரின் பழம்பெயர்) மலையின் சுண்ணாம்புக்கல்லில் சோடியம் குளோரைடு, அதாவது சமையலுப்பு, இயற்கையாகவே இருக்கிறது. நீர் எந்த வழியில் வந்தாலும் அதைக் கரைத்துக்கொண்டு காற்றுப்படும் பக்கம் நகரும். அங்கே நீர் ஆவியாகும், உப்பு படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டுமே. அது பூச்சையும் வண்ணத்தையும் தள்ளிக்கொண்டு வளரும்.

ஓவியத்துக்கு வெளியே, வண்ணத்தின் மேல், பஞ்சுபோல் பூத்தால் தூரிகையால் எடுத்துவிடலாம். பாறைக்கும் பூச்சுக்கும் நடுவே கட்டியாக வளர்ந்தால்தான் ஆபத்து. கை அகலப் பூச்சு, மேலேயுள்ள முகமோ எழுத்தோ அப்படியே இருக்க, பாறையை விட்டுப் பிரிந்து முன்னால் வந்து தொங்கும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். யாராவது தோள் உரசினால் போதும், விழுந்துவிடும்.

மனத்தில் வைக்க வேண்டிய எண் ஒன்று: காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். ஈரப்பதம் எப்போதும் 80இல் நின்றாலும் எப்போதும் 30இல் நின்றாலும் உப்பு ஓரளவு சும்மா இருக்கும். இந்தக் கோட்டை நாள்தோறும் மேலும் கீழும் கடப்பதுதான் சுவரைக் கொல்லும்.

நெஃபர்தாரி கல்லறையை எப்படி மீட்டார்கள்?

1950களிலிருந்து பொதுமக்களுக்கு மூடிக் கிடந்த கல்லறை அது. எகிப்தின் தொல்பொருள் அமைப்பும் அமெரிக்காவின் கெட்டி (Getty) பேணல் நிறுவனமும் 1986இல் சேர்ந்து வேலையைத் தொடங்கி 1992இல் முடித்தன. சுவர் வேலைக்குத் தலைமை ஏற்றவர்கள் பாவ்லோ மோரா, லாரா மோரா என்ற இத்தாலியத் தம்பதி. ஏறக்குறைய 520 சதுர மீட்டர் ஓவியம். இன்றும் இந்தத் துறையில் பாடமாகச் சொல்லப்படும் வேலை என்பதால் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் யாரும் சுவரைத் தொடவில்லை. ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, படத்தின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து, எங்கே பூச்சு பிரிந்திருக்கிறது, எங்கே வண்ணம் செதிலாகிறது, எங்கே உப்பு, எங்கே அழுக்கு, எங்கே பழைய ஒட்டுவேலை என்று தனித்தனியாக வரைந்தார்கள். இந்த வரைபடம் இல்லாமல் தொடங்கினால் பாதி வேலையில் எது பழைய சேதம், எது நாம் செய்த சேதம் என்றே தெரியாது.

அடுத்தது அவசர சிகிச்சை. விழத் தயாராக இருந்த துண்டுகளின் குறுக்கே முசுக்கொட்டைப் பட்டையில் செய்த ஜப்பானியக் காகிதத்தைச் சிறு பட்டைகளாகக் கிழித்து, பின்னால் எடுத்துவிடக்கூடிய அக்ரிலிக் பசையால் ஒட்டினார்கள். இப்படி ஒட்டிய பட்டைகள் 10,000க்கும் மேல். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் நேராக இருப்பதால் வண்ணத்தில் கோடு விழும். கையால் கிழித்தால் ஓரத்தில் இழை நீண்டு, இழுவிசை பரவும். இதுபோன்ற சின்ன விஷயங்கள்தான் இந்தத் தொழிலில் எல்லாம்.

பிறகு உப்பு. பிரிந்து நிற்கும் பூச்சின் பின்னாலிருந்து உப்புக் கட்டிகளை உலர்ந்த முறையில், சிறு கருவிகளாலும் தூரிகையாலும், எடுத்தார்கள். கட்டி உள்ளே இருக்கும்வரை பூச்சைப் பாறையோடு அழுத்த முடியாது. அழுத்தினால் நடுவில் உடையும். சில இடங்களில் பூச்சுத் துண்டையே பாதி விலக்கி, பின்புறம் சுத்தம் செய்து, மீண்டும் அதே இடத்தில் பதித்தார்கள்.

உள்ளீடற்ற இடங்களில் ஊசிவழியே சாந்துக் குழம்பு செலுத்துவது அடுத்த படி. அதற்கு முன் கொஞ்சம் ஆல்கஹால் கலந்த நீரைச் செலுத்தி உள்ளே இருக்கும் தூசியை நனைப்பது வழக்கம். இல்லாவிட்டால் குழம்பு தூசியோடு ஒட்டுமே தவிரப் பாறையோடு ஒட்டாது. குழம்பு இறுகும்வரை மெத்தை வைத்த பலகையால் முட்டுக் கொடுப்பார்கள். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். குழம்பை நிறையச் செலுத்தினால் அதன் எடையே பூச்சைக் கீழே இழுத்துவிடும். நீர் அதிகமானால் தூங்குகிற உப்பை எழுப்பிவிட்டுப் போவோம். ஒரு வருடம் கழித்து அதே இடம் மறுபடி பொரியும்.

செதிலாகும் வண்ணத்துக்கு பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைப்பானில் சில சதவீதம் மட்டும் கலந்து மெல்லிய தூரிகையால் கொடுத்தார்கள். அளவு கூடினால் மேலே பளபளப்பு ஏறி, அது தூசியையும் பிடித்துக்கொள்ளும். உடைந்த ஓரங்களை ஜிப்சமும் மணலும் கலந்த சாந்தால் அணைத்தார்கள். கடைசியாகக் காகிதப் பட்டைகளைக் கரைப்பானால் இளக்கி எடுத்து, வண்ணத்தின் மேலிருந்த அழுக்கைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள்.

இவ்வளவு செய்தவர்கள் உதிர்ந்துபோன இடத்தை ஏன் வரைந்து நிரப்பவில்லை?

வேண்டுமென்றே. காணாமல்போன முகத்தை இன்றைய ஓவியர் வரைந்தால் அது இன்றைய ஓவியம். பக்கத்திலிருக்கும் அசல் கோட்டையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். இழந்த இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடு அடங்கிப்போகும் எளிய சாந்தால் மூடுவதோடு நிறுத்திக்கொள்வது நாகரிகம். “புதுசு மாதிரி இருக்கிறதே, திருத்தி வரைந்துவிட்டார்களா” என்று நெஃபர்தாரி கல்லறையைப் பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. அந்த நிறம் அசல்தான். மேலிருந்த தூசிதான் போயிருக்கிறது.

மழையே பெய்யாத ஊரில் வெள்ளம் ஒரு பிரச்சினையா?

பெரிய பிரச்சினையே அதுதான் என்பது எங்கள் கருத்து. லக்சரில் பல ஆண்டுகள் மழை பெயர் சொல்லக்கூட இராது. பெய்தால் ஒரு மணி நேரத்தில் கொட்டும். மண்ணோ புல்லோ இல்லாத மலையிலிருந்து நீர் அப்படியே பள்ளத்தாக்கின் அடிக்கு ஓடிவரும், கல்லும் சேறும் சேர்த்துக்கொண்டு. 1994 இறுதியில் வந்த புயல்மழையில் பல கல்லறைகளுக்குள் நீர் புகுந்தது. இரண்டாம் ராம்சேசின் மகன்களுக்காகக் குடைந்த கேவி 5 அதற்கு முன்பே பல வெள்ளங்களின் சேற்றால் கூரைவரை நிரம்பி, அது சிமெண்ட்டுபோல் இறுகிக் கிடந்தது. அகழ்வாய்வாளர் கென்ட் வீக்ஸின் குழு 1995இல் உள்ளே வழி கண்ட பிறகுதான் அது நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது என்று தெரிந்தது.

நீர் புகுந்தால் ஓவியம் கரைவது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம் பாறையில். மேலே சுண்ணாம்புக்கல், அடியில் எஸ்னா களிப்பாறை என்ற அடுக்கு. ஆழமாகக் குடைந்த கல்லறைகளின் கீழறைகள் இந்தக் களிப்பாறையைத் தொடுகின்றன. அது நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். மேலேயுள்ள தூண் அந்த அசைவைத் தாங்காமல் வெடிக்கும். இரண்டாம் ராம்சேசின் சொந்தக் கல்லறையான கேவி 7 இப்படித்தான் சீரழிந்தது.

பழைய கல்லறைகள் சிலவற்றில் நுழைவு வழியின் நடுவே ஆழமான குழி ஒன்று இருக்கும். உள்ளே வரும் வெள்ளத்தை அது வாங்கிக்கொண்டது. சேத்தியின் கல்லறையை ஜோவான்னி பெல்சோனி 1817இல் திறந்த பின், நடந்துபோக வசதியாகக் குழி தூர்க்கப்பட்டது. அடுத்து வந்த மழை தடையின்றி உள்ளே போனது. அகழ்வாய்வில் எடுத்த மண்ணை வெளியே கொட்டிக் கொட்டிப் பள்ளத்தாக்கின் தரைமட்டமும் உயர்ந்துவிட்டது. வாயில்கள் பள்ளத்திலாகிவிட்டன.

இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. வாயிலைச் சுற்றி நீர் ஏறாத உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர், நீரை வேறு பக்கம் திருப்பும் சரிவு, தூர்வாரிய வடிகால், மழை எச்சரிக்கை வந்தால் அடைக்கும் கதவு. செலவு ஓவிய வேலையின் ஒரு துளிதான். ஆனால் கட்டிய பிறகு யாரும் திறப்பு விழா நடத்த மாட்டார்கள், அதனாலேயே தள்ளிப்போகிறது.

துட்டன்காமுன் கல்லறைச் சுவரில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவே, பூஞ்சையா?

நுண்ணுயிர்தான்; ஆனால் செத்தது. இந்தக் கல்லறையில் (கேவி 62) கெட்டி நிறுவனமும் எகிப்திய அமைச்சகமும் 2009 முதல் 2019 வரை செய்த வேலையில் இதை விரிவாகச் சோதித்தார்கள். 1920களில் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்களில் இருக்கும் அதே புள்ளிகள் இன்றும் அதே அளவில், அதே இடத்தில் இருக்கின்றன. புதிதாக ஒன்றும் வளரவில்லை. அவசரமாக அடக்கம் நடந்ததால் பூச்சு காயும் முன்பே கல்லறையை அடைத்துவிட்டார்கள், அந்த ஈரத்தில் வளர்ந்தவை இவை என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

அழிக்கலாமே என்றால் முடியாது. கறை வண்ணத்துக்கு உள்ளேயே இறங்கிவிட்டது. புள்ளியை எடுத்தால் ஓவியமும் போகும்.

ஒரு மனிதரின் மூச்சு அவ்வளவு கெடுதலா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடந்து, வியர்த்து உள்ளே வரும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் நீரைக் காற்றில் விடுவார். துட்டன்காமுனின் அடக்க அறை தோராயமாக 6.4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். பயணிகள் நிற்கும் முன்னறையையும் சேர்த்தால் 165 கன மீட்டருக்குச் சற்று மேல். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, மொத்தம் 5 கிலோ. 25 பேர் மாறி மாறி ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால் 2 கிலோ நீர். காற்று வெளியேறாவிட்டால் ஈரப்பதம் 40 புள்ளி ஏறிவிடும். முன்பு சொன்ன 75 சதவீதக் கோட்டை மத்தியானத்துக்குள் கடந்துவிடலாம்.

கரியமில வாயுவும் சேர்கிறது. அது ஓவியத்தைவிட முதலில் காவலரையும் பயணியையும்தான் பாதிக்கும்: தலைவலி, மூச்சுத் திணறல். உள்ளே நாள் முழுக்க நிற்பவர் காவலர் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் மின்விசிறி வைத்து வெளிக்காற்றை விட்டால் தீர்ந்ததே?

தீராது. வெளிக்காற்றோடு பாலைவனத் தூசியும் வரும். கேவி 62இல் சுவரெல்லாம் சாம்பல் படலம் படிந்திருந்ததற்குத் தூசிதான் காரணம். செருப்பிலும் உடையிலும் வந்தது, துணியிலிருந்து உதிரும் நூலிழைகள் உட்பட. தூசி அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. படிந்ததை எப்போதாவது துடைக்க வேண்டும், ஒவ்வொரு துடைப்பிலும் செதிலான வண்ணத்தில் கொஞ்சம் போகும். அதனால் அங்கே காற்றை வடிகட்டி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் தூசியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் அமைப்பை வைத்தார்கள். நிற்கும் மேடை, விளக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

இயந்திரம் வைத்தால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். வடிகட்டியை மாற்றாமல் விட்டால் அதுவே தூசி ஊதும். காற்று வரும் குழாயின் வாய் ஓவியத்தைப் பார்த்து இருந்தால் அந்த இடம் மட்டும் வேகமாகக் காய்ந்து உப்பு பூக்கும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். ‘வாயிலை மூடு, ஆளை அனுப்பாதே’ என்பதுதான் சரியான பதில்.

சுவருக்கு முன்னால் கண்ணாடி வைப்பது நல்லதா?

கை படுவதைத் தடுக்கும், அந்த அளவில் நல்லது. ஆனால் பின்னால் காற்று ஓடாது, தூசி தரையில் சேரும், எடுக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றும்போது சுவரில் இடிக்கும். பிரதிபலிப்பில் ஓவியம் சரியாகத் தெரியாததால் பயணி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பார். அகலமான வழியுள்ள கல்லறையில் சுவரிலிருந்து கை எட்டாத தூரத்தில் மரத்தளமும் இடுப்பளவு தடுப்பும் போதும். ஒடுக்கமான வழியில் கண்ணாடியைத் தவிர வேறு வழியில்லை.

படமெடுக்கும்போது ஃபிளாஷ் ஏன் கூடாது?

காவிமண்ணும் எகிப்திய நீலமும் ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு அசைந்துகொடுக்காதவை. ஆர்பிமென்ட் என்ற ஆர்சனிக் மஞ்சள்தான் ஒளியில் வெளிறும் ரகம். நடைமுறையில் தடைக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஃபிளாஷ் அடிப்பவர் நின்று, பின்வாங்கி, சுவரில் சாய்ந்து, வரிசையை நிறுத்துவார். ஆள் உள்ளே இருக்கும் நிமிடங்கள் கூடும். முக்காலிக்கும் இதே பதில்.

புகை படிந்த சுவர்களை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

அதிகாரிகளின் கல்லறைகள் பலவற்றில் பிற்காலத்தில் மக்கள் குடியிருந்தார்கள், சமைத்தார்கள், ஆடு கட்டினார்கள். எண்ணெயும் கரியும் சேர்ந்த படலம் கூரையெங்கும் இறுகிப்போயிருக்கும். நீர் ஆகாது, தேய்க்க முடியாது. நெஃபர்ஹோதெப்பின் கல்லறையில் (டிடி 49) லேசர் பயன்படுத்தினார்கள். கறுப்புக் கரி லேசர் ஒளியை உறிஞ்சி ஆவியாகிவிடும். அடியிலுள்ள வெளிர்நிறம் பெரும்பாலும் அதைத் திருப்பிவிடும்.

“பெரும்பாலும்” என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மஞ்சள் காவி சூட்டில் சிவந்துவிடும். கரியால் வரைந்த கறுப்புக் கோட்டுக்கும் புகைக்கரிக்கும் லேசருக்கு வித்தியாசம் தெரியாது. எனவே ஒவ்வொரு நிறத்திலும் நகத்தளவு இடத்தில் சோதித்து, ஆற்றலைக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றி, கண் முன்னே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். ஒரு நாளில் உள்ளங்கை அகலம் முடிந்தால் நல்ல நாள்.

பழைய பழுதுவேலைகளால் சிக்கல் வருமா?

நிறைய. இருபதாம் நூற்றாண்டில் கைக்குக் கிடைத்த போர்ட்லாண்ட் சிமெண்ட்டால் ஓட்டைகளை அடைத்தார்கள். சிமெண்ட்டில் கரையும் உப்பு இருக்கிறது. மண் பூச்சைவிட அது பலமடங்கு கடினம். ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அகப்பட்ட ஈரம் சிமெண்ட்டைச் சுற்றியுள்ள அசல் ஓரத்தின் வழியே வெளியேறி, அங்கே உப்பு பூத்து, ஒட்டு நிற்க ஓவியம் உதிரும். சிமெண்ட்டை எடுப்பதும் எளிதல்ல. உளி அதிர்ச்சி பக்கத்துப் பூச்சுக்குப் போகும் என்பதால் சிறு சிறு துளையிட்டுப் பலவீனமாக்கி நொறுக்க வேண்டும்.

வௌவால், குளவி?

சிரிக்க வேண்டாம், இரண்டும் பட்டியலில் உண்டு. வௌவால் சிறுநீர் வண்ணத்தில் வழிந்து கோடாகக் கறைபடும், எச்சம் அரிக்கும். குளவிகள் மண்கூட்டைப் புடைப்புச் சிற்பத்தின் இடுக்குகளில் ஒட்டும். காய்ந்தபின் பிய்த்தால் வண்ணத்தோடு வரும். கூட்டைச் சிறிது சிறிதாகக் கத்தி முனையால் சீவி, கடைசி மெல்லிய அடுக்கைத் தனியாக எடுக்க வேண்டும். வாயிலில் பொடிக்கண் வலை அடித்தாலே இரண்டு தொல்லையும் பாதி குறையும்.

சுவரில் பயணிகள் கிறுக்கியதை அழித்துவிடுகிறார்களா?

எப்போது கிறுக்கியது என்பதைப் பொறுத்தது. மன்னர்களின் பள்ளத்தாக்குக்குக் கிரேக்க, ரோமானியர் காலத்திலேயே சுற்றுலா வந்தவர்கள் ஏராளம். ழ்யூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் 1920களில் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட கிரேக்க, லத்தீன் எழுத்துகள் உள்ளன. அவை இன்று தாமே தொல்பொருள். தொடமாட்டார்கள்.

இதில் நமக்கு நேரான தொடர்பும் உண்டு. ஷார்லோட் ஷ்மித், இங்கோ ஸ்ட்ராவுக் என்ற இரு அறிஞர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு கல்லறைகளில் தமிழ்பிராமி, பிராகிருதம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் சுமார் 30 எழுத்துப் பொறிப்புகளை அடையாளம் கண்டார்கள். சிகை கொற்றன் என்ற தமிழர் தன் பெயரைப் பல கல்லறைகளில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். செங்கடல் துறைமுகங்களுக்கு வணிகத்துக்காக வந்தவர்கள் உள்நாட்டில் இவ்வளவு தூரம் வந்து வேடிக்கை பார்த்தார்கள் என்பதற்குச் சுவரே சாட்சி. “தேவையற்ற கீறல்” என்று யாராவது தேய்த்திருந்தால் இது கிடைத்திருக்காது. எனவே எந்தக் கீறலையும் படமெடுத்து, படித்தறிந்த பிறகே அதைப் பற்றி முடிவு செய்வார்கள். நம் காலத்துப் பேனாக் கிறுக்கலைக் கரைப்பானால் எடுக்கப் பார்ப்பார்கள். ஆணியால் கீறியதை எடுக்க முடியாது; சுற்றுநிறத்தில் மங்கச் செய்யலாம். கொற்றன் செய்ததை நாமும் செய்யலாமே என்ற வாதம் காவல்துறையிடம் எடுபடாது.

ஒரு கல்லறையைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்?

பாறை நிலைத்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விரிசல்களின் குறுக்கே அளவிகளைப் பொருத்திக் குறைந்தது ஓராண்டாவது பார்க்க வேண்டும். ஒரு பருவத்தில் அசையாத விரிசல் அடுத்த பருவத்தில் அசையலாம். அதே ஓராண்டில் வாயில், நடுவழி, அடக்க அறை மூன்றிலும் வெப்ப, ஈரப்பதப் பதிவுக் கருவி ஓட வேண்டும். ஆள் வராதபோது கல்லறை எப்படி இருக்கும் என்ற அளவு இல்லாவிட்டால், ஆள் வந்தபின் என்ன மாறியது என்று சொல்ல முடியாது. இந்த ஓராண்டைத்தான் எல்லோரும் சுருக்கப் பார்ப்பார்கள்.

பிறகு ஓவியத்தை உறுதிப்படுத்துவது, வெள்ளத் தடுப்பு, தரைக்கு மரத்தளம், சூடு கொடுக்காத எல்இடி விளக்கு (மின்கம்பியைச் சுவரில் ஆணியடித்துக் கொண்டுபோகக் கூடாது, தளத்துக்கு அடியில்), வெளியேற மாற்று ஏற்பாடு. பெரும்பாலான கல்லறைகளுக்கு ஒரே வாயில்தான். உள்ளே ஒருவர் மயங்கினால் எப்படித் தூக்கி வருவது என்று ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். விளக்கப் பலகைகள் வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே வைத்தால் ஆள் நின்று படிப்பார், மூச்சு விடுவார்.

நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இல்லையா?

நெஃபர்தாரி கல்லறையை 1995 நவம்பரில் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேர் என்று வைத்தார்கள். 2003இல் மறுபடி மூடினார்கள். பிற்பாடு விலையுயர்ந்த தனிச் சீட்டில் திறந்தார்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் வேறு முறை: பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள், எவை திறந்திருக்கும் என்பது சுழற்சியில் மாறும், துட்டன்காமுன், சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்சேசுகளின் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு.

விலையைக் கூட்டுவது கூட்டத்தைக் குறைக்கும், வருமானமும் குறையாது. ஆனால் அது வரம்பு ஆகாது. விடுமுறைக் காலத்தில் எல்லோரும் காசு கொடுக்கத் தயாராக இருந்தால் என்ன செய்வது? ஈரப்பதக் கருவி ஓர் எண்ணைத் தொட்டால் வாயிலை அரைமணி நேரம் சாத்துவதுதான் உண்மையான வரம்பு. அதைச் செய்யும் அதிகாரம் வாயிலில் நிற்பவர் கையில் இருக்க வேண்டும், தலைமை அலுவலகத்தில் அல்ல. சுழற்சி முறை நல்லதுதான். ஆனால் ஓய்வு கொடுத்தால் ஈரம் குறையுமே தவிர, உதிர்ந்தது திரும்பாது.

நகலைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஃபாக்டம் ஆர்ட்டே என்ற நிறுவனம் துட்டன்காமுன் அடக்க அறையை 2009இல் முப்பரிமாணமாக அளந்து, விரிசலும் பழுப்புப் புள்ளியும் உட்படச் செய்த நகல் 2014இல், கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் பழைய வீட்டருகே திறக்கப்பட்டது. அங்கே மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய்ப் பார்க்கலாம், எவ்வளவு நேரமும் நிற்கலாம். ஓவியத்தைப் படிக்க வேண்டுமானால் நகல்தான் வசதி. அசலில் கிடைப்பது இடத்தின் உணர்வு. இரண்டுக்கும் ஒரே நாளில் போகிறவர்கள் முதலில் நகலைப் பார்ப்பது நல்லது. என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு அசலுக்குள் போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

துட்டன்காமுனின் உடல் இன்னும் உள்ளே இருக்கிறதா?

2007 முதல் அது கல்லறைக்குள்ளேயே, காற்றுநிலை கட்டுப்படுத்திய கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. குவார்ட்சைட் கல் பேழையும் அங்கேதான். வெளிச் சவப்பெட்டியைச் செப்பனிடுவதற்காக 2019இல் கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். முகமூடியும் மற்ற பொருள்களும் கீசாவிலுள்ள மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டுங்கள் அல்லது வண்டியிலேயே வையுங்கள். சுவர்ச் சேதத்தில் கைக்கு அடுத்தபடி பைதான். திரும்பும்போது பின்னால் என்ன இடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாயிலுக்கு வெளியே செருப்பைத் தட்டிவிட்டு வாருங்கள். படியில் தடுமாறினால் பிடிக்கச் சுவரைத் தேடாமல் கைப்பிடியின் பக்கமே நடங்கள். தண்ணீரை வெளியே குடித்துவிட்டு நுழையுங்கள். வழிகாட்டி சொல்லும் கதையை வெளியில் நிழலில் நின்று கேளுங்கள். காலையில் திறந்தவுடன் போனால் முந்தைய இரவில் உலர்ந்த காற்று உங்களுக்கும் சுகம். பேருந்துகள் வந்து இறங்கும் முன் பாதி முடித்துவிடலாம். எந்தக் கல்லறை அன்று திறந்திருக்கிறது என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நெஃபர்தாரி கல்லறைக்காகவே போகிறவர்கள் பயணம் பதிவு செய்யும் முன்பே விசாரிப்பது நல்லது.

காவலர் “உள்ளே வா, நல்லா காட்டுறேன்” என்று தடுப்பைத் தாண்டி அழைத்தால்?

பக்‌ஷீஷ் (இனாம்) எதிர்பார்த்துத்தான் அழைக்கிறார். குறைந்த சம்பளத்தில் நாள் முழுக்க அந்தப் புழுக்கத்தில் நிற்பவர், அவர் மேல் கோபப்பட வேண்டாம். சிரித்து ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லி மறுத்துவிடுங்கள். கொடுக்க விருப்பமிருந்தால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதற்காகக் கொடுங்கள். தடுப்பைத் தாண்டியதற்காக ஒருவர் கொடுக்கும் காசு, அடுத்த பத்துப் பேரையும் அவர் உள்ளே அழைப்பதற்கான முன்பணம்.